சலவைக்கூடத்தில் என் அண்ணன்

என் அண்ணன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் மடிப்பவர். பதினொரு வருட வேலை. அவருக்கு ஆட்டிசம். மெஷின் இரைச்சல் ஆகாது என்று காதுக்கு மூடி போட்டிருப்பார். பின்னாலிருந்து யாராவது தொட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும். அதனாலேயே அங்கே வேலை பார்க்கும் அக்கா எதிரில் வந்து நின்று, "மாப்ளே, சாப்பிட வா" என்பார். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்று அண்ணன் தினமும் திருத்துவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதே மருத்துவமனையின் மாடியில் எனக்கு ஆபீஸ் வேலை. சேர்ந்த அன்றே அண்ணனிடம் சொல்லிவைத்தேன்: "இங்க என்னைக் கூப்பிடாதண்ணா." லிஃப்டில் எதிரே நின்றால்கூட அவர் சுவரைத்தான் பார்ப்பார்.

ஆட்டிசம் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். என்னைப் பேசச் சொன்னார் மேலாளர். வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவனுக்குப் பேச்சு கொட்டியது. "சொல்லாமல் தொடாதீர்கள். அவர்களை நம்மில் ஒருவராக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்தேன். பலத்த கைதட்டல்.

மேசைத் துணிகளைக் கொடுக்க வந்து கதவருகே நின்றிருந்த அண்ணன், அந்தச் சத்தத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மூடி போடாமல் வந்திருந்தார். காவலாளி தோளைப் பிடித்து இழுத்தார்.

"குடிச்சிருக்கியா? யாருய்யா நீ?"

அண்ணன் என்னைப் பார்த்தார். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரிஞ்சவரா?" என்றார் மேலாளர்.

"சலவை ஆள் போல இருக்கு, சார்."

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

அண்ணனைத் தேடி வந்த அக்கா காதிலும் விழுந்தது. "தோள விடுய்யா!" என்று காவலாளியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. இவரு யாருன்னு நான் சொல்லட்டா, நீங்களே சொல்றீங்களா?"

"எங்க அண்ணன்" என்றேன். யாரோ கைதட்டப் போனார்கள். அக்கா முறைத்ததும் கை நின்றது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே கீழே இறங்கினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா?"

"கீழ எல்லாருக்கும் தெரியும். மாடிக்குத்தான் தெரியாது." அண்ணனின் அலமாரியைக் காட்டினார்.

கதவில், பட்டமளிப்பு அங்கியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாதே என்றுதான் சொல்லியிருந்தேன். படத்தை ஒட்டாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.