ஈய மணலில் இறங்கிய வேர்

செடி பட்டுப்போனால் தோட்டக்காரனின் கைராசி, தழைத்தால் மழை செய்த புண்ணியம். இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்காய் ரப்பர் தோட்டத்து நாற்றங்கால் வேலையை விட்டு, ஈயச் சுரங்க ஊரான கோப்பெங்கில் வீட்டுத் தோட்டம் போடக் கிளம்பினேன். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் வீராப்பு வேறு பேசியிருந்தேன்.

பத்து வாளி

முதல் வீடு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். ஈயம் தோண்டி முடித்த லம்பத்துச் சுரங்க மணலை நிரவிக் கட்டிய புதுத் தாமான் குடியிருப்பு. என் செடிகள் வெயில் காலத்தைத் தாண்டினால் அந்த வரிசை வீடுகள் முழுக்க வேலை எனக்கு. இல்லையென்றால் மறுபடி கிராணி முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பத்து வாளி தண்ணீர் ஊற்றினேன். பத்தையும் குடித்துவிட்டு மணல் காய்ந்து கிடந்தது. மலைத்துப்போனேன். குழாயிலோ நூல் போலத்தான் தண்ணீர். ஆகவே அரளி, காகிதப்பூ, கற்றாழை, கள்ளி என்று தண்ணீருக்கு அழாதவையாகக் கொண்டுபோய் இறக்கினேன். ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, நான் ரோசாவெல்லோ கேட்டனான்.”

வெள்ளிக்கிழமை

ஈரம் காக்க, செடிகளின் அடியில் காய்ந்த லாலாங் புல்லைக் கனமாகப் பரப்பினேன். ஒத்தாசைக்கு வந்த என் மனைவி லெட்சுமி, நான் அரளி வாங்கப் போன நேரத்தில் அவ்வளவையும் கூட்டி அள்ளிக் கொளுத்திவிட்டாள். மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் அழகாகத்தான் இருந்தன. மறுநாள் மதியம் காகிதப்பூ இலைகள் உதிரத் தொடங்கின. புதிதாகப் புல் அறுத்து வந்து பரப்பினேன். அவள் அசரவில்லை.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல லாலாங் கெடந்தா, பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க லா?”

குழி

வேர் கீழே தேடிப் போகட்டும் என்று வாரம் ஒரு முறைதான் தண்ணீர் விட்டேன். ஜூன் வெயிலில் அதுவும் நின்றது. குழாயில் காற்றுதான் வந்தது. பக்கத்து வீடுகளின் புல்தரை வைக்கோலாகிவிட்டது. ஐயா வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

வேலி முழுக்கக் காகிதப்பூ. இலையே தெரியாமல் சிவப்பு. குழாய் பழுது பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் இடுப்பளவு குழி தோண்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் காகிதப்பூவின் ஒரே ஒரு வேர், வளையாமல் அடிவரை இறங்கியிருந்தது. குழிக்குள் இறங்கித் தொட்டேன். அங்கே மணல் ஈரமாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் நாற்று நட்டவன் நான், அன்றுதான் ஒரு செடியைக் கும்பிட்டேன். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார்.

“உதுக்கு ஆர் தம்பி வழி சொன்னது?”

பிறகு அந்த வரிசையில் பதினோரு வீடுகளுக்குத் தோட்டம் போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் மண்வெட்டியை எடுக்குமுன் நான் கேட்டுக்கொண்டது, லெட்சுமி வந்தால் விளக்குமாற்றை ஒளித்துவையுங்கள் என்பதைத்தான்.