பஸ்ஸில் நான் பிடித்துக் கொடுத்த இடம்

என் சித்தப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. பதினான்கு வயதில் கோச்சியில், அதுதான் ரயிலில், தொங்கிப்போய் விழுந்த வினை. பொய்க்காலை நீளக் காற்சட்டைக்குள் மறைத்து, பொல்லும் இல்லாமல் நடப்பார். சண்டைக் காலத்தில் கால் இல்லாத தமிழ் இளைஞன் என்றால் இயக்கத்தில் இருந்து சண்டை பிடித்தவனோ என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் விபத்து என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதம் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஏதோ போட்டியில் வாங்கிய சான்றிதழ் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் சிங்களத்துக்கு முதலாவதாக வந்த திமிர் வேறு. ஒருநாள் பள்ளி விட்டு அவருடன் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் சித்தப்பா கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. முன் இருக்கைக்கு மேலே, ஊனமுற்றோருக்கு ஒதுக்கப்பட்டது என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. சட்டமே எங்கள் பக்கம், பிறகென்ன? என் சித்தப்பாவுக்கு ஒரு கால் இல்லை, இடம் கொடுங்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கச் சிங்களத்தில் சொன்னேன்.

எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இருக்கையில் ஒட்ட முடி வெட்டிய ஓர் இளைஞன், மடியில் ஊன்றுகோலுடன் இருந்தான். அவனுக்கும் ஒரு கால் இல்லை. ஒதுங்கி இடம் கொடுத்தான். சித்தப்பா உட்கார்ந்ததும், தான் ஆமிக்காரன் என்றும், வடக்கில் மிதிவெடியில் கால் போனது என்றும் சொன்னான். பிறகு சிநேகமாகத்தான் கேட்டான்.

"அய்யாட்ட கொஹேதித?"

அண்ணனுக்கு எந்த இடத்தில் வைத்துக் கால் போனது என்று அர்த்தம்.

"கோச்சி" என்றார் சித்தப்பா. கேளாமலே கடிதத்தை எடுத்து நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் எங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு முன்னாலேயே, பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டோம். மிச்சத் தூரம் முழுக்க நடை. மதிலுக்கு மதில் சாய்ந்து நின்று, பின்னால் பார்த்துப் பார்த்து வந்தார். ஏசுவார் என்று பயந்தேன்.

"உன்ர சிங்களம் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் பொய்க்காலைக் கழற்றியபோது தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இடம் பிடித்துக் கொடுத்தவளே நான்தானே. நடந்ததை ஒன்றும் விடாமல் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா என்னைப் புகழவும் இல்லை, ஏசவும் இல்லை. எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினாள். பட்டப்பகலில் ஏன் பூட்டுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.