அடுப்புக்கு வலப்பக்கம்

லோசெலி அக்கா இடுப்பால் இழுப்பறையை மூடும்போதெல்லாம் ராம்சாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு வருஷமாக வருகிறது. ரசமட்டம் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மயிரிழை பிசகாமல் அவன் மாட்டிய இழுப்பறை. அதைக் கையால் மூடினால் என்ன? இரண்டு கையிலும் பானை இருக்கிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள். அது லேசுப்பட்ட இடுப்பல்ல. இழுப்பறை போய் மோதி, சமையல் மேடை மேல் இருக்கிற கோப்பைகள் எல்லாம் ஒரு முறை சிலிர்த்து அடங்கும்.

“தாங்குது” என்பாள். அவள் வாயிலிருந்து வரும் பாராட்டு அது ஒன்றுதான்.

ஆனால் அது சின்னக் குறை. பெரிய குறை என்னவென்றால், டோங்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த மாங்கேரேயில் அவள் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு ராம்சாமியின் கைவேலை இருக்கிறது. எல்லாம் ஒரே வேலை. வெள்ளைக் கதவு, சாம்பல் மேடை, வளைந்த கைப்பிடி. அடுப்புக்கு வலப்பக்கம் மேல் இழுப்பறையில் கரண்டி, கத்தி, டின் ஓப்பனர். அதற்குக் கீழே துணி. அதற்கும் கீழே தட்டு. பெரிய பானைகள் தொட்டிக்கு அடியில். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, பிஜியில் லம்பாசா சர்க்கரை ஆலையின் தச்சுப் பட்டறையில் வேலை பழகியவன் அவன். நாலு பேர் பார்த்து, இது யார் கை வேலை என்று கேட்கிற மாதிரி ஒரு சமையலறை செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருக்காதா? அந்தத் தெருவில் அவன் செய்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில் வரிசை.

அதிலும் அந்தத் தெரு வீடுகள் ஒன்று விட்டு ஒன்று, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நிற்பவை. ஒரு வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இடப்பக்கம் என்றால் அடுத்த வீட்டில் வலப்பக்கம். தொழில் தெரிந்தவன் அதற்கேற்ப எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிட்டுப் போவான். லோசெலி அக்கா விடமாட்டாள். குழாயைச் சுற்றிக் கொண்டு வா, மின்கம்பியை நகர்த்து, சுவரைக் குடை. என்ன ஆனாலும் அடுப்புக்கு வலப்பக்கம்தான் கரண்டி.

“ஏன்க்கா இந்தப் பிடிவாதம்?”

“எல்லாரும் ஒரே மாதிரி எடுத்தாத்தான் கடைக்காரன் தள்ளுபடி குடுப்பான். உனக்கு எங்க தெரியப் போகுது. பிஜிக்காரங்க சொன்ன விலையைக் குடுத்துட்டு நன்றி வேற சொல்லிட்டு வருவீங்க.”

தள்ளுபடி என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வித்தையில் டோங்கா பெண்களிலேயே அவளுக்கு இணை கிடையாது. விடியுமுன் விமான நிலையத்தில் தரை துடைக்கும் வேலை. அது முடிந்ததும் அந்தச் சீருடையோடு நேரே மணுகாவ் பக்கம் சமையலறை அலமாரிகள் விற்கும் கடைக்குப் போவாள். காட்சிக்கு மாட்டிய சமையலறைகளை எப்போது கழற்றுவார்கள், எந்த மாசம் கணக்கு முடிக்கிற அவசரத்தில் விலை இறங்கும், யாரோ தப்பாக அளவெடுத்துத் திருப்பி அனுப்பிய மேடை எந்த மூலையில் கிடக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கதவு கதவாகத் தடவிக் கீறல் தேடுவாள். கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். கீறலுக்கு ஒரு விலைக் குறைப்பு வாங்கிவிட்டு, அந்தக் கதவைக் குளிர்ப்பெட்டி மறைக்கும் பக்கமாக மாட்டச் சொல்வாள்.

“இந்தச் சீட்டுல இருக்கிறது நேத்து விலை. இன்னைக்கு விலையைச் சொல்லு” என்று ஆரம்பிப்பாள்.

கடையில் விற்பனை பார்க்கும் பிரெண்டன் அவளுடைய வேனைக் கண்டதும் கிடங்குக்குள் ஒளிந்துகொள்வான். ஆனால் அவள் வெறுங்கையோடு வரமாட்டாள். சேப்ப இலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டிச் சுட்ட லூ பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். அதை மேசையில் வைத்துப் பிரித்துவிட்டுச் சும்மா நிற்பாள். வாசனை கிடங்கு வரைக்கும் போய் அவனை இழுத்து வந்துவிடும்.

பணத்துக்குத் தேவாலயச் சபைப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டு. நல்ல தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒரு வீட்டின் முறை. லோசெலி அக்கா தன் பேரை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். “என்னோடது இன்னும் ரெண்டு கிறிஸ்மஸ் தாங்கும்.” அவள் வீட்டுச் சமையலறையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு அலமாரிக்குக் கதவு இல்லை, பூப்போட்ட துணி தொங்கும். இழுப்பறையின் அடிப்பலகையை ஒட்டுப்பட்டை தாங்கிக்கொண்டிருக்கும். தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் கரண்டி அடுப்புக்கு இடப்பக்கம்.

அக்காவின் பிடிவாதத்தை முகத்துக்கு நேரே எதிர்த்தவள் அதே தெரு மாலியா. அவளுக்கு இடது கைப் பழக்கம். அவள் முறை வந்தபோது, எனக்கு மட்டும் கரண்டியை இடப்பக்கம் வை என்று ராம்சாமியிடம் சொன்னாள். அவனும் சரி என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டான். லோசெலி அக்கா வந்து அந்தக் கோட்டை எச்சில் தொட்டு அழித்தாள்.

“என் வீடு, என் கை. உனக்கென்ன?” என்றாள் மாலியா.

“கடவுள் ரெண்டு கை குடுத்திருக்கான்ல. இன்னொண்ணையும் சும்மா வச்சிருக்காம வேலைக்கு அனுப்பு.”

அப்புறம் வெகுநாள் மாலியா அவளோடு பேசவில்லை. சபையில் பாடும்போதுகூட இடையில் இரண்டு பேரை நிறுத்திக்கொண்டுதான் பாடினாள். ராம்சாமி மனசுக்குள் மாலியா பக்கம்.

ஒரு நாள் திருகாணி வாங்கக் கடைக்குப் போனவன் பிரெண்டனிடம் பேச்சுவாக்கில் கேட்டான். “ஒரே மாடலா எடுத்தாத்தான் தள்ளுபடின்னு ஒரு சட்டம் வச்சிருக்கீங்களே, அதை மாத்தக் கூடாதா?”

“அப்படி யார் சொன்னா? எதை எடுத்தாலும் அதே தள்ளுபடிதான். பச்சைக் கதவு, மரக் கலரு எல்லாம் நானே காட்டினேன். லோசெலிதான் வேணாம்னுட்டாங்க.”

ராம்சாமிக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் குழாயைச் சுற்றியதும் சுவரைக் குடைந்ததும் ஒரு புளுகுக்காகவா? போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று இருந்தான். அதற்குள் மாலியாவின் வீட்டுக்காரர் ஹாவேயா, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார்.

துக்கம் கேட்க ராம்சாமி ஒரு மூட்டை அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான். டோங்கா துக்க வழக்கப்படி கறுப்பு உடுத்து, இடுப்பில் பாய் சுற்றிய பெண்கள் தோளோடு தோள் இடிக்க வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஊரே சாப்பிட வரும். ஒருத்தி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, மேல் இழுப்பறையைத் திறந்து, டின் ஓப்பனரை எடுத்தாள். இரண்டு கையிலும் பானையோடு வந்த ஒருத்தி இடுப்பால் அதை மூடிவிட்டுப் போனாள். உப்பு எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

முன் அறையில் பாய்கள் மேல் சவப்பெட்டி இருந்தது. அதன் விளிம்பில் இடது கையை வைத்தபடி மாலியா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அங்கிருந்து எடுபடவே இல்லை.

“அரிசியைத் தொட்டி பக்கத்துல வச்சிட்டு நகரு. வழியில நிக்காத” என்றாள் லோசெலி அக்கா.

புளுகைப் பற்றிக் கேட்க இருந்ததை அன்று அவன் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாலியா சபையில் தானாகவே நகர்ந்து போய் லோசெலி அக்காவின் பக்கத்தில் நின்று பாடினாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பிரெண்டன் ராம்சாமியைக் கூப்பிட்டான். அந்த வெள்ளைக் கதவு மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. காட்சிக்கு மாட்டிய ஒன்றுதான் மிச்சம். பாதி விலை. “இதுக்கு மேல வராது. லோசெலிகிட்ட சொல்லிடு.”

தெருவில் இன்னும் முறை வராத வீடு இரண்டுதான். ஒன்று லோசெலி அக்காவுடையது. மற்றது எதிர்வீட்டு வீகாவுடையது. வீகாவின் மாமனாரை, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ராம்சாமி தானே வேனை எடுத்துக்கொண்டு அக்காவைக் கூட்டிப் போனான். அவள் வழக்கம்போல் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். கீறல் தேடினாள். பாதி விலையிலிருந்தும் கொஞ்சம் இறக்கினாள். அப்புறம் பிரெண்டனிடம், “வீகா வீட்டு விலாசம் எழுதிக்க” என்றாள்.

“இது உன் முறை அக்கா. இதை விட்டா இந்த மாடலே கிடையாது.”

“தெரியும்.”

“தள்ளுபடிக்காகத்தான் ஒரே மாதிரின்னு என்கிட்ட புளுகினது எனக்கும் தெரியும்.”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோசெலி அக்கா காட்சிச் சமையலறையின் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“தள்ளுபடின்னு சொன்னா கேப்பாங்க. வேற காரணம் சொன்னா ஆளுக்கு ஒரு கலர் கேப்பாங்க” என்றாள். கொஞ்ச நேரம் மேடையைத் தடவிக்கொண்டிருந்தாள். “என் வீட்டுக்காரர் சேமிசி செத்தப்போ இதே பொம்பளைங்கதான் வந்தாங்க. நல்லவங்க. ஆனா லோசெலி, உப்பு எங்க? லோசெலி, பெரிய கத்தி எங்க? ஒவ்வொண்ணுக்கும் நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன். அவரு வருஷக்கணக்கா பாடின குழு வந்து நின்னுச்சு. அவருக்குப் பிடிச்ச பாட்டை எடுத்தாங்க. நான் அலமாரிக்குள்ள தலையை விட்டு டின் ஓப்பனர் தேடிட்டு இருந்தேன், ராம். வந்து பாக்குறேன், பாட்டு முடிஞ்சிருச்சு.”

ராம்சாமி பக்கத்துக் கதவைத் திறந்து மூடி அதன் கீலைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“வீகா மாமனாருக்கு நாள் கிட்ட வந்திருச்சு. எனக்கு அவசரமில்ல” என்று எழுந்தவள் பிரெண்டன் பக்கம் திரும்பினாள். “பெட்டியில கைப்பிடி கூடுதலா கிடக்குமே. அதுக்குக் காசு கேக்காத. லூ சாப்பிட்டிருக்க.”

வீகா வீட்டு வேலை முடிந்ததும் அக்கா அவனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மேசை மேல் அந்த வளைந்த கைப்பிடிகளைத் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தாள்.

“இதையெல்லாம் மாட்டு. அப்புறம் இந்தப் பக்கத்து டிராயரை அந்தப் பக்கம் கொண்டு போ.”

“பலகை உளுத்துப் போச்சுக்கா. தாங்காது.”

“தாங்க வை. நீதான் பெரிய தச்சனாச்சே.”

அவளுடைய ஒரே மகள் லூபே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. உள்ளே ஒரு சுத்தியல் கீழே விழுந்த சத்தத்துக்கே, “என்னம்மா, என்ன வேணும்?” என்று ஒற்றைச் செருப்போடு ஓடி வந்துவிட்டாள்.

“ஒண்ணும் வேணாம். போய் உக்காரு” என்றாள் அக்கா. அவள் போனதும் ராம்சாமியிடம் சொன்னாள்: “என்னை மாதிரியே. யார் கூப்பிட்டாலும் எந்திரிச்சு ஓடும்.”

அன்று பொழுது முழுக்க ராம்சாமி அந்த உளுத்த மரத்தோடு மல்லுக்கட்டினான். தன் வேனில் பத்திரமாக வைத்திருந்த நல்ல மரத்துண்டுகளை எடுத்து உள்பக்கம் முட்டுக் கொடுத்தான். இப்படி ஒரு மரத்தை வெளியே தெரிகிற இடத்தில் வைக்கத்தான் எடுத்து வைத்திருந்தான். பூப்போட்ட துணி போய்க் கதவு வந்தது. கரண்டி, கத்தி, டின் ஓப்பனர் எல்லாம் அடுப்புக்கு வலப்பக்கம் வந்தன. தெருவிலேயே அசிங்கமான சமையலறை அதுதான். அவன் அதை நாலு தரம் தள்ளி நின்று பார்த்தான்.

“வந்து பாருக்கா.”

லோசெலி அக்கா இந்த முறை பாவனை செய்யவில்லை. இரண்டு கையிலும் நிஜப் பானையையே எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். இழுப்பறை கிரீச்சென்று போய் மூடிக்கொண்டது. தாங்கியது. ஆனால் அவள் தாங்குது என்று சொல்லவில்லை. பானைகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் கிரீச். தலையைச் சாய்த்து, சேமிசியின் படம் மாட்டியிருக்கும் முன் அறையைப் பார்த்தாள்.

“அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடு ராம்” என்றாள். “என் நாள் வர்றப்போ லூபே அங்கதான் உக்காந்திருப்பா. கேட்டா எந்திரிச்சு வந்துருவா.”