வரப்பு வழியே போன பாடை

ரிஷிவந்தியம் பக்கத்துக் காலனியில் இருக்கும் ரங்கம்மாள் நாற்பது வருஷமாக நாற்று நடுகிறவள். போன வருஷம் ஒரு சங்கத்துப் பெண் வந்து அவள் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனாள். ஜெனிவாவில் ஐ.நா. சபைக்கு அறிக்கை போகிறதாம்.

"உங்க பேரு, ஊரு எல்லாம் மாத்திடுவோங்க. பயப்படாதீங்க."

ரங்கம்மாளும் பயப்படவில்லை. ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது என்று மறித்ததையும், வயல் வரப்பு சரிந்து புருஷனின் பாடை சேற்றில் கவிழ்ந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சொன்னபடியே பேரையும் ஊரையும் மாற்றினார்கள். கவிழ்ந்த பாடையை எப்படி மாற்றுவது? இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கவிழ்ந்தது அது ஒன்றுதான். அறிக்கை தமிழில் வந்து செல்போன் செல்போனாகப் பரவியதும் ஊருக்கே ஆள் தெரிந்துவிட்டது.

இன்று காலை ராஜாங்கம் அவள் வாசலில் வந்து நின்றார். அவள் நடுவது அவர் வயலில். அன்று தெருவை மறித்தவரும் அவர்தான். காலனிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

"குடிக்கத் தண்ணி குடு, ரங்கம்மா."

அவள் சொம்பை நீட்டினாள். அவர் வாய் வைத்து நிதானமாகக் குடித்தார். கூட வந்தவன் செல்போனில் படம் பிடித்தான்.

"இங்க வித்தியாசம் இன்னா இருக்குது? இதையும் அனுப்பச் சொல்லு."

"சரிங்க."

செல்போன் பைக்குள் போனதும் அவர் காறித் தரையில் துப்பினார்.

"அந்த வரப்ப நேத்து வெட்டி வயலோட சேத்துட்டேன். அடுத்த பாடைக்கு இப்பவே வழி பாத்து வச்சிக்க."