மேரி மேடம் மன்னிக்கவில்லை

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காளவாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பழைய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் அதில் வரும். அன்று, “நம் அன்புக்குரிய அருள்மேரி மேடம் இன்று காலை காலமானார். என்றும் புன்னகை மாறாத அந்த முகத்தை மறக்க முடியாது” என்று வந்திருந்தது. போட்டவர் அந்தக் காலத்தில் எங்கள் பர்சனல் ஆபீசர். மேடத்தின் பணிநீக்க உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

மேரி மேடத்துக்குப் புன்னகை மாறாத முகமெல்லாம் கிடையாது. கூட வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். “குட்மார்னிங் மேடம்” என்றால் “எது ரிப்பேர்?” என்று கேட்கிறவர் அவர். பொய்க்குச் சிரிக்க மாட்டார், சிரிக்கிறவர்களையும் நம்ப மாட்டார். செத்துப்போன பிறகு அவரை நமக்கு வசதியான ஆளாக மாற்றிக்கொள்கிறோம் என்று தோன்றியது. பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரவை தாண்டி திண்டுக்கல் ரோட்டில் இருந்த டிரெய்லர் கட்டும் தொழிற்சாலை அது. சக்கரம் பூட்டும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். மேடம் கருவிகள் பராமரிப்புக்குப் பொறுப்பு. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. அம்மா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, பெண்கள் யாரும் இல்லாத ஷாப் ஃப்ளோருக்கு வந்து, தனக்கென்று ஒரு கண்ணாடி அறையைச் சண்டை போட்டு வாங்கியவர்.

அவர் என்னோடு முதலில் பேசியது டீ குடிக்கும் இடத்தில்தான். என் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. கையை உதறிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கை மரத்துப்போவதை ஒரு நோயாக யாரும் நினைத்ததில்லை. மேடம் வந்து, கேட்காமலே என் விரலைப் பிடித்து அழுத்தினார்.

“வலிக்குதா?”

“இல்ல மேடம்.”

“வலிச்சிருக்கணும். எத்தனை பேருக்கு இப்படி இருக்கு?”

கேட்டுப் பார்த்தால் கன் பிடிக்கிற பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. கன் என்றால் இம்பாக்ட் கன். உள்ளே இரும்பை இரும்பு அடித்து, அந்த அடியில் நட்டை முறுக்கும். பாதி அடி நட்டுக்கு, மீதி பிடித்திருக்கிறவன் கைக்கு. சத்தம் காதுக்கு. மேடம் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். அங்கே அவர் போட்ட சத்தம் எங்கள் பகுதிவரை கேட்டது என்று சொல்வார்கள். அது மிகை. ஆனால் வாரக்கணக்கில் விடாமல் போய், கடைசியில் பல்ஸ் டூல்களை வாங்க வைத்தார்.

பல்ஸ் டூலில் இரும்பு இரும்பை அடிப்பதில்லை. காற்றில் சுற்றும் மோட்டாருக்கு முன்னால், உள்ளங்கையில் அடங்குகிற ஓர் எஃகு உருளை இருக்கும். அதற்குள் எண்ணெய். சுற்றும்போது ஒரு கணம் எண்ணெய் போகும் வழி அடைபடும். அந்த அழுத்தம்தான் நட்டைத் திருப்புகிறது. கை அதிராது, காது தப்பிக்கும். ஆனால் அந்த உருளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எண்ணெய் சூட்டில் கெட்டுப்போகும், சீல் என்கிற ரப்பர் வளையம் வழியாகக் கசியும், உள்ளே இருக்கும் பிளேடு தேயும்.

அவர் அந்த வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். உருளையைப் பிரித்துக் கழுவி, வளையங்களைப் புதிதாக மாற்றி, எண்ணெய்க்குள்ளேயே மூழ்க வைத்து, கடைசிக் குமிழி வெளியே வரும்வரை தண்டை மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பார். நிரம்பியதும் சிரிஞ்சை எடுத்து, நிரப்பியதில் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சுவார். நிரப்பியதை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சூடானா எண்ணெய் உப்பும் பாண்டி. அதுக்கு எடம் விடணும். விடலைன்னா சீலைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். அளவுக்கு மேல எடம் விட்டா டூல் வேலை செய்யற மாதிரி நடிக்கும். நடிக்கிற டூல்தான் மோசம். செத்துப்போன டூலால யாருக்கும் ஆபத்தில்லை.”

அதற்குப் பிறகு அளவு பார்க்கும் மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பார். முறுக்கு விசை சரியாக வராமல் எந்த டூலும் அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை.

பிறகு மேனேஜர் மாறினார். புதியவர் சீல்களையும் அதற்கான எண்ணெயையும் வாங்குவதை நிறுத்தினார். “எண்ணெய் எண்ணெய்தானே, டிரம்மில் இருப்பதை ஊற்றுங்கள்” என்று உத்தரவு. மேடம் மறுத்தார். கசிகிற டூல்களை ஒவ்வொன்றாகச் சிவப்பு அட்டை கட்டி அலமாரியில் அடைத்தார். லைன் மெதுவானது. ஊக்கத்தொகை நின்றது. மேனேஜர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசுவதற்கு எங்கள் ஆட்களே இருந்தார்கள்.

சங்கச் செயலாளர் தவசி அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்கு முன்னால் போய் நின்றார்.

“மேடம், நீங்க மாசச் சம்பளக்காரவுக. எங்க பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுறீக? டூலை வெளிய குடுங்க.”

“உங்க கைக்காகத்தான் இந்த டூலே வந்துச்சு தவசி.”

“கைய நாங்க பாத்துக்கிறோம். எங்களுக்காகச் சண்டை போடச் சொல்லி உங்ககிட்ட யாரு வந்தா?”

கூட்டத்தில் கைதட்டினார்கள். மேடம் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் புன்னகையைப் பற்றி எழுத மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அம்மா இறந்தார். மேடம் லீவில் போனார். அவர் இல்லாத நாட்களில் மேனேஜர் அலமாரியைத் திறக்கச் சொன்னார். தவசி அண்ணன் சிவப்பு அட்டைகளை அவிழ்த்து, டூல்களில் டிரம் எண்ணெயை ஊற்றி லைனுக்கு அனுப்பினார். நான் தடுத்தேன். “சங்கத்துக்கு விரோதமா நிக்கிறியா?” என்று கேட்டார். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அன்றே என்னைப் பெயின்ட் பகுதிக்கு மாற்றினார்கள். டூல்கள் ஓடின, நட்டு இறுகியதுபோலவே இருந்தது. யாரும் அளவு மேசையில் வைத்துப் பார்க்கவில்லை.

அப்படி வெளியே போன ஒரு டிரெய்லரின் சக்கரம் நெடுஞ்சாலையில் கழன்றது. வண்டி கவிழ்ந்தது. டிரைவர் உயிர் பிழைத்தார், வலது கால் பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. கருவிகளுக்குப் பொறுப்பு யார்? அருள்மேரி. லீவில் இருந்தாரே? லீவில் போகுமுன் அலமாரியைச் சரியாகப் பூட்டி, சாவியை ஒப்படைத்திருக்க வேண்டும். சாவி மேனேஜரிடம்தான் இருந்தது என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் சொன்னேன். எனக்கும் நிர்வாகத்துக்கும் முன்விரோதம் என்று எழுதிக்கொண்டார்கள். தவசி அண்ணன், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா” என்றார். மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாக மேடத்திடம் சொன்னார்கள். அவர் பேனாவை எடுக்கவே இல்லை. வேலை போனது. பல்ஸ் டூலே சரியில்லை என்று முடிவெழுதி, பழைய கன்களைத் திரும்ப லைனில் மாட்டினார்கள்.

வெளியே வந்த மறுநாள் அவர் அந்த டிரைவரைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். கம்பெனி ஆட்கள் முன்னாலேயே வந்து, ஒரு பொம்பளையின் கவனக்குறைவு, அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மேடம் தன் பெயரைச் சொன்னதும் டிரைவரின் மனைவி எழுந்து நின்றார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். “நீ நல்லா இருப்பியா? உம் புள்ளைக நடக்குமா?” என்று கேட்டார். மேடத்துக்குப் பிள்ளைகள் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றார். நான் குறுக்கே பேசப்போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வெளியே வந்து கேட்டேன்: “ஏன் மேடம் உண்மையைச் சொல்லல?”

“அந்தம்மாவுக்கு இன்னைக்கு யாரையாச்சும் திட்டணும். அங்க நின்னு கேஸா நடத்த முடியும்?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “எனக்கும் கோவம் வந்துச்சு பாண்டி. பதிலுக்குத் திட்டிருவேனோன்னு பயமா இருந்துச்சு. பெரிய மனசுன்னு எங்கயும் போய் எழுதிராத” என்றார்.

அதனால் எழுதவில்லை. அது பெரிய மனசு இல்லை. அவர் கண் முழுக்கச் சிவந்திருந்தது.

பிறகு காளவாசலில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, வெளியூர்த் தொழிற்சாலைகளின் பல்ஸ் டூல்களைப் பழுது பார்த்தார். வேலை நன்றாகவே நடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து அவர் வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். ஒருநாள் கேட்டேன், தவசி அண்ணனையும் மற்றவர்களையும் மன்னித்துவிட்டீர்களா என்று. அப்போதே அவருக்கு மார்பில் புற்று என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

அவர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். “சாமியாரும் இதைத்தான் கேக்குறாரு. கேட்டா மன்னிக்கலாம். யாரும் கேக்கலையே. கேக்காதவங்களுக்கு நானாப் போய்க் குடுத்துட்டு வரணுமா? மாட்டேன்.”

அடக்கத்துக்குக் கூட்டம் வந்திருந்தது. பர்சனல் ஆபீசர் மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரோ ஒருவர், “எல்லோரையும் மன்னித்த தாயுள்ளம்” என்றார். தவசி அண்ணன் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். திரும்பக் கன் பிடித்துப் பிடித்து அவருக்குக் காது ஏறக்குறையப் போய்விட்டது. ஆட்கள் கலையத் தொடங்கியதும் என் தோளைத் தொட்டார்.

“மாப்ள, அந்தம்மா என்னயப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா? மன்னிச்சிருச்சுல்ல?”

“இல்லண்ணே” என்றேன்.

“என்னது?”

“இல்ல.”

“கேக்கல மாப்ள, சத்தமாச் சொல்லு.”

“மன்னிக்கலண்ணே!” என்று கத்தினேன். போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்று திரும்பினார்கள். துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் நான் அப்படிக் கத்தியது தவறு என்று பலர் குழுவில் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் அது உண்மை. தவசி அண்ணன், “நீயாச்சும் மன்னிச்சேன்னு சொல்லேன்டா” என்றார். அது என்னிடம் இல்லை என்று அவர் காதருகே சொன்னேன். வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வாடிப்பட்டிப் பக்கம் அந்த டிரைவரின் ஊருக்குப் போனேன். அவர் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். மனைவிதான் கடையில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மேடம் இறந்த செய்தியைச் சொன்னேன். “நான் அம்புட்டுப் பேசியும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையே அந்தம்மா. அவுகளா?” என்றார். பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னேன். அலமாரி, சாவி, டிரம் எண்ணெய், விசாரணை, எல்லாம். அவர் உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிவந்தார். அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, கடைப் பலகையில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப நான் சாபம் விட்டது அந்தம்மாவுக்குப் போயிருச்சே” என்றார் அந்தப் பெண். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஆளுக பேரு சொல்லுங்க.”

மேடத்தின் பொறுமை எனக்கு வராது. நான் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. மேனேஜர் பெயரில் தொடங்கி, அன்று தலையாட்டிய ஒருவரையும் விடாமல், எல்லாப் பெயர்களையும் சொன்னேன்.