எட்டில் நான்கு

"கணினி புதிய ரேமைத் தானாகவே கண்டுகொள்ளும், பயனர் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை." பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளின் மூன்றாம் விதி இது. அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விதி இருந்தால் அது நடக்கும் என்று நம்பமாட்டேன். நடக்காவிட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அந்த ரேமை, கம்ப்யூட்டருக்கான கூடுதல் நினைவகத்தை, வாங்கியதற்குக் காரணம் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். அரியாங்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார்; கடையை மகனிடம் விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். அவரும் நானும் ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில், ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். பிரான்சில் இருக்கும் என் மகள் ஞாயிறு மாலைகளில் வீடியோவில் பேசுவாள். சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுத் திரையில் சில மாதங்களாகப் பேத்தி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சகலையோ கூடுதலாக ஒரு ரேம் போட்டாராம், படம் பளிச்சென்று வருகிறதாம். கண்புரை அறுவைக்குப் பிறகு செல்போனின் சின்னத் திரை என் மனைவிக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் அவள் பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்குத் தலைவலி. ஞாயிறு மாலைகளில் அது தவறாமல் வந்தது.

ஒரு முறை போய் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"பாப்பா இப்பல்லாம் அவர சின்னத் தாத்தான்னு கூப்புடறதில்ல. வெறும் தாத்தாதான்."

"அப்ப நான் யாரு?"

"உங்களப் பாத்தாத்தான கூப்புடும்?"

மறுநாளே அதே ரேமை, அதே அளவில், வரவழைத்தேன். முறைப்படி மின்சாரத்தைத் துண்டித்தேன். முறைப்படி இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் இருக்கக்கூடிய நிலைமின்சாரத்தை இறக்கினேன். பழைய ரேமுக்குப் பக்கத்தில் புதியதைச் செருகினேன். கம்ப்யூட்டர் எழுந்து, தன்னைப் பற்றிய விவரங்களில் இப்படிச் சொன்னது: பொருத்தப்பட்டது எட்டு ஜிபி, பயன்படுத்தத் தக்கது நான்கு. இந்த வாக்கியத்தைப் பணிக்காலம் முழுவதும் வேறு உருவில் படித்திருக்கிறேன். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எட்டு, நிரப்பப்பட்டவை நான்கு.

பேத்தி அந்த ஞாயிறும் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். புதியதைத் தனியாகப் போட்டால் நான்கு. பழையதைத் தனியாகப் போட்டாலும் நான்கு. தனித்தனியே இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. சேர்த்து உட்கார வைத்தால் ஒன்று சம்பளம் மட்டும் வாங்கியது. அதன் பற்களை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"அவர ஒருதரம் வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"வந்தா நம்ம வாசப்படி தேஞ்சிடுமா?"

சொல்லாமலே சகலை வந்துவிட்டார். ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார்.

"என்னாண்ணா, எட்டுல நாலு ஓடிப்போச்சாமே?"

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டேன். "நீங்க போட்டப்ப என்னென்ன பண்ணீங்க?"

"என்னா பண்ணேன். தொறந்தேன், வச்சி அமுக்கினேன், மூடினேன். டீ குடிச்சேன்."

"உள்ள ஒரு தாள் இருந்திருக்குமே?"

"அது மேலதாண்ணா டீ கிளாஸ வச்சேன்." ஸ்க்ரூ டிரைவருக்குக் கை நீட்டினார். "குடுங்க, நானும் ஒரு அமுக்கு அமுக்கிப் பாக்கறேன்."

"வேணாம். வாரண்டி போயிடும்."

"வாரண்டிய மடியில வச்சிக் கொஞ்சப் போறீங்களா? பேத்தியப் பாப்பீங்களா?"

என் மனைவி சிரித்தாள். அவர் சொன்னதை மறந்துவிட்டேன். அவள் சிரித்ததை மறக்கவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். பொருள், பார்வை, ஐந்து பத்தி, இணைப்பாகப் படங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தருவதாக அவர்களுடைய விதியே சொல்லியிருந்தது. உடனே ஒன்று வந்தது, ஆனால் அது வெறும் ஒப்புகை. ஒப்புகைக்கும் பதிலுக்கும் உள்ள தூரம் என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நினைவூட்டல் போனது. பிறகு இன்னொன்று.

ஒரு ஞாயிறு தலைவலி வரவில்லை. நானும் அரியாங்குப்பம் போனேன். திரைக்கு நேரே இருந்த நாற்காலி சகலையுடையது. பக்கத்தில் பெண்கள் இருவரும். எனக்கு ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். என் ஒரு தோள்தான் பிரான்ஸ் வரை போயிருக்கும். படம் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. பேத்தி ஒரு யானை வரைந்திருந்தாள். அதை அவருக்குத்தான் காட்டினாள். அவர் அதைப் பன்றி என்றார், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யானை என்று நான் சரியாகச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

பேச்சு முடிந்து அவர் வடை வாங்கப் போனார். பெண்கள் அடுக்களைக்குள் இருந்தார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கம்ப்யூட்டரின் விவரங்களைத் திறந்தேன். எட்டுக்கு எட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். நமக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனின் பதவி உயர்வு ஆணையைத் தேடிப் படிப்பதைப் போன்றதுதான் இது.

பொருத்தப்பட்டது எட்டு. பயன்படுத்தத் தக்கது நான்கு.

மறுபடியும் படித்தேன். அவருடையதும் பாதிதான். பிறகு எப்படி? மேசையிலேயே இன்டர்நெட் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. என் வீட்டில் அந்தப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேபிள் இல்லாமல், இரண்டு சுவர் தாண்டிப் பின்னறையில். அவர் ரேம் போட்டார், அதனால் படம் வருகிறது, அதனால் எனக்கும் ரேம். எந்தக் கோப்பிலும் இப்படி ஒரு காரணத்தை நான் அனுமதித்திருக்கமாட்டேன்.

வடைப் பொட்டலத்தோடு வந்தவரிடம், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "உங்களுதுலயும் நாலுதான் ஓடுது."

குனிந்து பார்த்தார். "அப்பிடியா. படம் ஓடுதில்ல?"

"ஓடுது."

"அப்பறம் என்னாண்ணா. வட ஆறுது, எடுத்துக்குங்க."

பாதி போனது தெரிந்தும் அவர் முகம் மாறவில்லை. அவரிடம் இருந்தவற்றில் எனக்கு அதிகப் பொறாமை தந்தது அதுதான்.

நீளமான கேபிள் வாங்கி, சுவரோரமாக ஆணியடித்துப் பின்னறைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு பேத்தி வாயைத் திறந்தாள், மூடவும் செய்தாள். மனைவி பஸ் ஏறவில்லை. நடு நாற்காலி என்னுடையது. சில வாரங்கள் இப்படியே நடந்தன. சகலை போன் செய்தார். "என்னாண்ணா, பாப்பாவ மொத்தமா புடிச்சி வச்சிக்கிட்டீங்களா?" நான் மறுக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வராத நான்கு உறுத்தியது. அது வந்துவிட்டால், அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கும். மூன்றாம் நினைவூட்டலை அனுப்பினேன்.

அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்தில் அம்மன் கோயில் தேருக்காக மனைவி முதல் நாளே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குக் கூட்டம் ஆகாது என்று சொல்லி வீட்டிலேயே இருந்தேன். மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் பதில் வந்தது. என் ஐந்து பத்திக்கு இரண்டே வரி: கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில் 'மெமரி ரீமேப்' என்ற வரி அணைந்திருக்கும், அதை இயக்கவும். இயக்கினேன். எட்டுக்கு எட்டு.

காட்ட வீட்டில் யாரும் இல்லை. மகளை அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தாள். மனைவியை அழைத்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினாள்.

"பாப்பா இவரு போன்ல தேரு பாக்குது. வடத்தக் கிட்டக் காட்டச் சொல்லுது. நீங்க அப்பறமா பேசுங்க."

பதிலை அச்செடுத்து, பழக்கதோஷத்தில் ஓரத்தில் குறித்தேன். பெறப்பட்ட நாள்: ஆடி ஐந்தாம் வெள்ளி, உள்ளூர் விடுமுறை.