ஐபீஸில் ஒட்டியிருந்த ஈரம்

கதை கட்டிப் பயமுறுத்த எனக்கு வராது. நான் ஆராய்ச்சி செய்கிறவள். போன வருடம் மைசூரில், எங்கள் ஆய்வுக்கூடத்தில், பட்டப்பகலில் எனக்கே நடந்தது இது.

எங்கள் மைக்ராஸ்கோப் ஒற்றைப் புரத மூலக்கூறைக்கூடக் காட்டிவிடும். லேசர் பட்டால் ஒவ்வொன்றும் புள்ளியாக மினுங்கி, பிறகு அணைந்துபோகும். அணைந்தது அணைந்ததுதான். அதனால் அந்த அறை எப்போதும் இருட்டு. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே லேசர் ஓடுகிறது என்று அர்த்தம். யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

அன்று என் கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் என் புரதம், கடைசி ட்யூப். ஐஸ் உருகினால் இரண்டு வருட உழைப்பும் வீண்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டினேன்.

"ஒந்து நிமிஷ..."

ஒரு நிமிடமாம், கன்னடத்தில். பெண் குரல். என்னோடு வேலை செய்யும் அபூர்வாதான் என்று நினைத்தேன். எதற்கும் அவசரப்படாத மகராசி. மனதுக்குள் திட்டிக்கொண்டே காத்திருந்தேன். ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. மறுபடி தட்டினேன். அதே குரல், அதே இழுவை.

3.40க்கு விளக்கு அணைந்தது. திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை. வேறு வாசலும் கிடையாது.

நாற்றம் மட்டும் இருந்தது. அழுகிய முட்டை போல. ஓடியிருப்பேன்... ட்யூப் விடவில்லை.

ஃபோகஸ் பார்க்க மைக்ராஸ்கோப்பின் ஐபீஸில் கண்ணை வைத்தேன். அதன் விளிம்பு ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. கொழகொழவென்று ஏதோ இமையில் ஒட்டி, நூலாக இழுத்தது.

சீ!

கையுறை போட்ட கையால் துடைத்தேன். பதற்றத்தில் கையுறையை மாற்ற மறந்து, அதே கையோடு ட்யூபைத் திறந்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டேன்.

லேசரைப் போட்டேன். திரையில் புள்ளிகள். ஒவ்வொன்றாக அணைந்தன.

பிறகு...

அணைந்தவை மறுபடி எரிந்தன.

சொத்.

என் புறங்கையில் ஒரு துளி.

வெதுவெதுப்பாக.

ட்யூபை மூடிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே வாந்தி.

என் புரதம் பிழைத்ததா என்று தெரிந்தாக வேண்டும். ட்யூபைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவை அபூர்வாதான் பார்த்துச் சொன்னாள். நான் கதவைத் தட்டிய அன்று முழுவதும் அவள் வெளியூரில், மேல்கோட்டையில் இருந்தாளாம். ட்யூபில் என் புரதம் பேருக்குத்தான் மிச்சமாம். மற்றதெல்லாம் மனிதப் புரதம்.

தொட்டவர்களின் தோலாக இருக்கும், சகஜம்தானே என்றேன்.

"தோல் இல்லே கணே," என்றாள் அபூர்வா, தன் கன்னடத் தமிழில். "கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸோடது. கண்ணு ஒடைஞ்சாத்தான் அது வெளியிலே வரும்."